மாட்டுப் பண்ணையிலிருந்து சுரைக்குடுக்கைக் கலைக்கு: ஆசிரியர் இல்லாமல் கற்பவர்களுக்கு

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் மாட்டுப் பண்ணையில் வாழும் ஒரு பெண், காய்ந்த சுரைக்காயின் ஓட்டில் சூடான முனையால் கோடு போட்டுச் சாயம் ஏற்றி அழகுபடுத்தும் சுரைக்குடுக்கைக் கலையில் இறங்க நினைத்தால், வேண்டிய சாமான்களில் பாதி அவருடைய கொட்டகையிலேயே கிடக்கும். சேணம் தைக்கும் மெழுகு நூல், தோல் வார், தோலுக்கு ஏற்றும் சாயம், குதிரை வால் முடி, கன்றின் காயம் தைக்கும் வளைந்த ஊசி, டிரில், உப்புத்தாள் எல்லாம் இருக்கும். கைப்பழக்கமும் கொஞ்சம் இருக்கும். கன்றுக்குச் சூடு போட்டுப் பழகியவருக்கு, இரும்பை ஒரு கணம் கூடுதலாக வைத்தால் அடையாளம் என்ன ஆகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அவருக்குத் தெரியாதது குடுக்கை. தனியாகக் கற்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். படம் வராமல் கெட்ட வேலையைவிட, சரியாகக் காயாத காயிலும் மேல்தோல் முழுசாகப் போகாத காயிலும் நல்ல படத்தைப் போட்டுக் கெட்ட வேலைதான் அதிகம். அதனால் இங்கே முக்கால்வாசி ஓடு பற்றியே பேசுகிறோம்.

எந்தக் காய்

நாம் கூட்டு வைக்கும் சுரைக்காயின் இனம்தான் இது: லாகனேரியா சைசெரேரியா. கொடியிலேயே முற்றிக் காய்ந்தால் ஓடு மரம் போல ஆகிவிடும். வீணையின் சுரைக்குடமும், பாம்பாட்டியின் மகுடியும், கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் முதுகில் கட்டிய குடுக்கையும் இதே ஓடுதான். அமெரிக்கக் கண்டங்களில் சுமார் 10,000 ஆண்டுகளாக இது மனிதர் கையில் இருக்கிறது. பெரு நாட்டில் வான்காயோ நகருக்கு அருகே உள்ள கோச்சாஸ் கிராமங்களில் ஓட்டின் மேல் ஊர்க் கதைகளையே நுணுக்கமாகச் செதுக்குகிறார்கள்.

இலையுதிர் காலத்தில் அங்காடிகளில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு வரிகளோடு விற்கும் சின்ன அலங்காரக் காய்களை வாங்கிவிடாதீர்கள். அவை பூசணி இனம். ஓடு மெல்லியது, நிறமும் நிற்காது, பாதிக்கு மேல் அழுகிவிடும். மேய்ச்சல் நிலத்தில் தானாகப் படரும் காட்டுக் காய், அங்கே பஃபலோ கோர்டு என்பார்கள், அதுவும் ஏறத்தாழ அப்படித்தான். எலுமிச்சையை விடச் சற்றுப் பெரிதாக, மெல்லிய ஓட்டோடு இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் சிறு பொருளுக்குச் சரி. செதுக்கத் தாங்காது.

முதல் ஆண்டு காய்ந்த குடுக்கையை விலைக்கு வாங்குங்கள். காலிஃபோர்னியாவின் ஃபால்புரூக், அரிசோனாவின் காசா கிராண்டே போன்ற இடங்களில் இதற்கென்றே பயிரிட்டு விற்றிருக்கிறார்கள். வறண்ட பாலைவனக் காற்றில் விளைந்து காய்ந்த காய்க்கு ஓடு தடிமனாக அமையும். நேரில் போய் வாங்க முடிந்தால் இவற்றைப் பாருங்கள்:

ஒரே அளவுள்ள இரண்டைக் கையில் தூக்கி எடை பாருங்கள். கனமாக இருப்பது தடித்த ஓடு. ஆனால் குலுக்கினால் விதை ஆட வேண்டும். கனமாக இருந்து உள்ளே எதுவும் ஆடவில்லை என்றால் இன்னும் ஈரம் இருக்கலாம்.

கட்டைவிரலால் அடிப்பக்கத்தையும் காம்பைச் சுற்றியும் அழுத்துங்கள். அமுங்கினால் வேண்டாம். அந்த இடம் ரம்பத்தின் அதிர்வுக்கே உடையும்.

கரும்புள்ளியும் சாம்பல் திட்டும் பூஞ்சணத்தின் தடம். அவை குறை அல்ல. கழுவிய பிறகு பழுப்பு ஓவியம் போல அழகாக நிற்கும். சுருங்கிய தோல் வேறு விஷயம். அது பிஞ்சில் பறித்த காய். தேறாது.

முதல் வேலைக்கு 15 முதல் 20 செ.மீ. அகலமுள்ள, அடி தட்டையான, உருண்டை அல்லது சப்பை வடிவம் போதும். நீண்ட கழுத்துள்ள காய் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதன் உள்ளே கை போகாது, சுத்தம் செய்ய முடியாது.

பண்ணையிலேயே பயிரிட நினைத்தால்

உறைபனி இல்லாத 120 முதல் 140 நாள் வேண்டும். விதையின் ஓரத்தை லேசாக உரசி, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மண் சூடேறிய பிறகு ஊன்றுங்கள். குளிர்ந்த மண்ணில் விதை முளைக்காமல் அழுகும். குழிக்குக் குழி 2 மீட்டருக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். வெள்ளைப் பூ மாலையில்தான் விரியும். அந்துப்பூச்சிகள் குறைவான இடத்தில் காய் பிடிக்காது. அப்போது இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும்.

மாட்டுப் பட்டிக்குப் போடும் கம்பி வலைச் சட்டத்தை வில் போல வளைத்து இரண்டு இரும்புக் கழிகளில் கட்டினால் அருமையான பந்தல். பந்தலில் தொங்கும் காய்க்குக் கழுத்து நேராக வரும். தரையில் கிடக்கும் காய்க்கு அடி தட்டையாகி, கிண்ணமாக நிற்கும். தரையில் கிடப்பதற்கு அடியில் வைக்கோல் போடுங்கள். காய் சின்னதாக இருக்கும்போதே நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பெரிதான பிறகு திருப்பினால் காம்பு முறியும்.

பறிப்பதில் அவசரம் கூடாது. கொடி காய்ந்து, காம்பு பழுப்பாகும் வரை விடுங்கள். முற்றிய காயை உறைபனி ஒன்றும் செய்யாது. 5 செ.மீ. காம்போடு வெட்டுங்கள். பச்சைக் காயின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது முழுவதும் ஓட்டின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதற்குச் சிறிய காய்க்கு 2, 3 மாதம், பெரியதற்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு அதற்கும் மேல் ஆகும். காற்று அடியிலும் புகும்படி கம்பி வலை மேல், ஒன்றை ஒன்று தொடாமல் பரப்புங்கள். சீக்கிரம் காயட்டும் என்று துளை போட்டால் உள்ளே அழுகும். அடுப்பில் வைத்தால் வெடிக்கும். எலிகள் விதைக்காக ஓட்டைக் குடையும். தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள்.

கழிந்த காய்களைக் கால்நடைக்குப் போடாதீர்கள். கசப்புச் சுரையிலும் காட்டுக் காயிலும் உள்ள குக்குர்பிட்டசின் என்ற பொருள் மனிதருக்கும் மாட்டுக்கும் நஞ்சு.

மேல்தோல் நீக்குவது

காய்ந்த குடுக்கையின் மேல் மெழுகு போன்ற மெல்லிய தோல் இருக்கும். இது ஒரு துளி மீதமிருந்தாலும் அந்த இடத்தில் சாயம் ஏறாது, சூடும் சீராகப் பதியாது. முகமூடி அணிந்த பிறகே கையை வையுங்கள். பூஞ்சணத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. தொடர்ந்து சுவாசித்தவர்களுக்குச் சளிக் காய்ச்சல் போல வரும். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. என்95 அல்லது அதைவிட நல்ல வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும்.

1. தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்புங்கள். குடுக்கை மிதக்கும். அதனால் பழைய துண்டை நனைத்து மேலே போர்த்தி 30 நிமிடம் விடுங்கள். இடையில் இரண்டு மூன்று முறை உருட்டிவிட வேண்டும்.

2. பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத எஃகுச் சுருள் அல்லது செம்புச் சுருளால் வட்டமாகத் தேயுங்கள். மெல்லிய இரும்பு நார் வேண்டாம். அதன் துகள் ஓட்டில் தங்கி, பிறகு துருப்புள்ளியாகத் தெரியும்.

3. போகாத இடத்தை மழுங்கிய சமையலறைக் கத்தியால் சுரண்டுங்கள். கத்தியைக் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் கீறும்.

4. துடைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். பளபளக்கும் திட்டு தெரிந்தால் அங்கே தோல் மிச்சம். அந்த இடத்தை மட்டும் திரும்ப நனைத்துத் தேயுங்கள்.

பிடிவாதமான காயை ஈரத் துண்டில் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் சில மணி நேரம் வைத்தால் தோல் தானாக இளகும். இரவு முழுக்க அப்படியே மறந்துவிடக் கூடாது. ஓடு ஊறி மென்மையாகிவிடும்.

வெட்டுவது

கண்ணளவில் கோடு போட்டால் வளையும். பென்சிலை ஒரு டப்பாவின் மேல் அசையாமல் பிடித்து, குடுக்கையைச் சுழற்றுங்கள். எல்லாப் பக்கமும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் கோடு விழும். குடுக்கை மேசையில் ஆடினால், தட்டையான பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதன் மேல் அடியைத் தேய்த்து முதலில் நிலைப்படுத்துங்கள். இதை வெட்டிய பிறகு செய்தால் விளிம்பு கோணலாகத் தெரியும்.

கோட்டின் மேல் கூர்க்கத்தியால் 2 செ.மீ. நீளத்துக்குப் பிளவு போட்டு, அதில் மெல்லிய பல்லுள்ள சிறு ரம்பத்தை நுழையுங்கள். சிறிய மின் ரம்பம் இருந்தால் வேலை சுலபம். அதன் அடித்தகடு எப்போதும் ஓட்டோடு ஒட்டியே இருக்க வேண்டும். தூக்கினால் அலகு குதித்து ஓட்டைப் பிளக்கும். மூடி வேண்டும் என்றால், கோட்டில் ஓர் இடத்தில் சிறு வளைவு விட்டு வெட்டுங்கள். எந்தக் குடுக்கையும் முழு வட்டம் இல்லை. அந்த வளைவு இல்லாவிட்டால் மூடி எந்தப் பக்கம் பொருந்தும் என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டும்.

வெட்டியதும் விளிம்பின் தடிமனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ.க்குக் கீழே என்றால் சூடும் சாயமும் மட்டும். 6 முதல் 8 வரை என்றால் ஆழமில்லாத செதுக்கல். 10க்கு மேல் கிடைத்தால் எடுத்து வையுங்கள். இரண்டாம் ஆண்டில் அதன் அருமை தெரியும்.

உள்ளே இருக்கும் விதையையும் பஞ்சையும் ஓரம் கூரான கரண்டியால் வழித்தெடுங்கள். வராத பஞ்சுக்கு உள்ளே தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டால் இளகும். காய்ந்த பிறகு 80, 150, 220 எண் என்ற வரிசையில் உப்புத்தாள் போடுங்கள். உட்புறத்துக்குக் கறுப்பு அல்லது அடர் பழுப்பு அக்ரிலிக் இரண்டு பூச்சு கொடுத்தால் பார்வை வெளிப்புறத்தில் நிற்கும். இது அலங்காரப் பொருள். சாயம் ஏற்றிய குடுக்கையில் உணவு வைக்கக் கூடாது.

வடிவத்தைப் பிரிப்பது

வளைந்த பரப்பில் வடிவம் திரும்பத் திரும்ப வர வேண்டுமானால் அளவுகோல் உதவாது. ஒரு நீளக் காகிதப் பட்டையைக் குடுக்கையின் இடுப்பில் சுற்றி, முனை சேரும் இடத்தில் வெட்டுங்கள். அதை இரண்டாக, நான்காக, எட்டாக மடியுங்கள். திரும்பச் சுற்றி மடிப்பு விழுந்த இடங்களில் புள்ளி வையுங்கள். புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். படத்தை மாற்ற கிராஃபைட் தாள் பயன்படுத்துங்கள். தட்டச்சுக்கு வைக்கும் கார்பன் தாளின் மை ஓட்டில் ஏறி நின்றுவிடும், அழியாது.

என்ன வரைவது? பண்ணையைச் சுற்றிப் பாருங்கள். முள்கம்பியின் முறுக்கு, காற்றாலையின் சிறகு, மெஸ்கீட் மரத்துக் காய், கவுதாரி, சொந்தப் பண்ணையின் சூட்டுக்குறி. ஹோப்பி, சூனி, நவாஹோ பூர்வகுடி மக்களின் சடங்கு வடிவங்களை எடுத்துப் போடாதீர்கள். அவை அவர்கள் வழிபாட்டுக்கு உரியவை. பூர்வகுடி அல்லாதவர் தம் பொருளைப் பூர்வகுடிக் கைவேலை என்று சொல்லி விற்பது 1990ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமும்கூட.

சூடு போடுவது

ஒரே வெப்பத்தில் நிற்கும் மலிவான கோல் சீக்கிரம் சலிப்பூட்டும். கைப்பிடி சுடும், முனை தடி. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற சூட்டுப் பேனாவுக்குச் செலவு செய்யுங்கள். இந்தக் கலையில் நாங்கள் கட்டாயம் வாங்கச் சொல்லும் ஒரே கருவி அதுதான். தொடக்கத்துக்கு இரண்டு முனை போதும்: கோட்டுக்குக் கத்தி போன்ற முனை, நிழலுக்குக் கரண்டி போன்ற முனை.

வெட்டியெடுத்த மேல்துண்டை எறியாதீர்கள். அதே ஓடு, அதே தடிமன். பழக அதைவிட நல்ல இடம் இல்லை. கோடு தேன் நிறத்தில் விழும் வெப்பத்தில் தொடங்குங்கள். கறுப்பு வேண்டும் என்று வெப்பத்தை ஏற்றாமல், மெதுவாக இழுங்கள். பேனாவை உங்களை நோக்கி இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. குடுக்கையை மடியில் மணல் மூட்டை மேல் வைத்து, பேனா பிடித்த கையின் சுண்டுவிரலை ஓட்டில் ஊன்றுங்கள்.

கோட்டின் தொடக்கத்தில் கரும்பொட்டு விழுகிறதா? நின்ற முனையை ஓட்டில் வைத்துவிட்டுப் பிறகு நகர்த்துகிறீர்கள். கோலமாவு விடும் கை தரைக்கு வருவதற்கு முன்பே நகரத் தொடங்குவது போல, பேனாவும் நகர்ந்துகொண்டே இறங்க வேண்டும், நகர்ந்துகொண்டே எழ வேண்டும். கோடு விட்டுவிட்டு வந்தால் அங்கே மேல்தோல் இருக்கிறது, அல்லது முனையில் கரி படிந்திருக்கிறது. தோல் துண்டில் முனையை அடிக்கடி துடையுங்கள். நடுவில் தானாக வெளுத்துப்போனால் மின்விசிறிக் காற்று முனையைக் குளிர்விக்கிறது. விசிறியை உங்கள் பக்கத்திலிருந்து விலகிப் புகையை இழுக்கும்படி திருப்பி வையுங்கள்.

சாயமும் வார்னிஷும் எப்போதும் சூட்டுக்குப் பிறகுதான். பூசிய பரப்பைச் சுட்டால் வரும் புகை நச்சு.

நிறம்

சேணத்துக்கு ஏற்றும் ஆல்கஹால் சாயம் ஓட்டில் அழகாக இறங்கும். கீழே ஓட்டின் இயற்கை நிறமும் பூஞ்சணத் தடமும் தெரியும். அக்ரிலிக் அவற்றை மூடிவிடும். சூட்டுக் கோடு சாயத்துக்கு வரப்பு மாதிரி. கோடு ஆழமாக இருந்தால் சாயம் பக்கத்து வயலுக்குப் பாயாது. வெளிர் நிறத்தை முதலில், அடர்ந்ததைக் கடைசியில் ஏற்றுங்கள். சிவப்பும் ஊதாவும் வெயிலில் சீக்கிரம் மங்கும். வாங்குகிறவரிடம் சன்னலோரம் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேற்பூச்சைத் தூரிகையால் இழுத்தால் சாயம் கரைந்து பரவும். பலருடைய முதல் குடுக்கை இந்தக் கட்டத்தில்தான் வீணாகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிப்பு வார்னிஷை 25 செ.மீ. தள்ளி நின்று, பனி போல, மூன்று முறை மெல்லியதாகத் தெளியுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது.

விளிம்பு கட்டுவது

வட அரிசோனாவின் பாண்டரோசா பைன் மரத்து ஊசியிலைகள் இதற்கு ஏற்றவை. உதிர்ந்து பழுப்பானவற்றைப் பொறுக்கி, அடியில் சேர்ந்திருக்கும் தொப்பியை நீக்கி, வெந்நீரில் கொஞ்சம் கிளிசரின் விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறாத இலை வளைக்கும்போது ஒடியும்.

விளிம்புக்கு 6 மி.மீ. கீழே, 12 மி.மீ.க்கு ஒன்றாக, 2 மி.மீ. துளை போடுங்கள். விளிம்புக்கு மிக அருகே போட்டால் நூல் ஓட்டை அறுத்துக்கொண்டு வந்துவிடும். குளிர்பானக் குழலில் 2 செ.மீ. துண்டு வெட்டி, அதற்குள் இலைக் கட்டை நுழையுங்கள். குழல் தளர்ந்தால் இரண்டு இலை சேர்க்க வேண்டும் என்று அர்த்தம். இப்படிச் செய்தால் கட்டின் பருமன் கடைசி வரை மாறாது. மெழுகு நூலால் துளைக்குத் துளை சுற்றிக் கட்டுங்கள். இரண்டாம் சுற்றில் ஊசி முந்தைய தையலின் நடுவே புக வேண்டும். தையல் எல்லாம் ஒரே பக்கம் சாயட்டும். குடுக்கையின் வாய் குறுகும் இடத்தில் வளைந்த ஊசிதான் கைகொடுக்கும்.

இலைக்குப் பதில் குதிரை வால் முடியும் போடலாம். சோப்பில் அலசி எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகு 60, 70 முடியாகச் சேர்த்துக் கட்டுங்கள். பருந்து, ஆந்தை இறகு நிலத்தில் கிடந்தாலும் எடுத்துக் கோக்காதீர்கள். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அதைத் தடை செய்கிறது. பட்டியில் வளரும் கோழி, வான்கோழி, கினிக்கோழி இறகுகளுக்குத் தடை இல்லை.

செதுக்கலும், டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லைப் பதிப்பதும் இரண்டாம் ஆண்டு வேலை. சுழல் கருவியில் ஓட்டின் பாதித் தடிமனுக்கு மேல் இறங்காதீர்கள். பள்ளத்தில் உடைத்த கல்லைச் செறிவாக நிரப்பி, மெல்லிய உடனொட்டும் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இறுகிய பிறகு தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். சுற்றியுள்ள ஓட்டில் பசை ஊறினால் அங்கே சாயம் ஏறாது. அதனால் சாயத்தை முன்பே ஏற்றி, ஓரங்களில் ஒட்டுநாடா போடுங்கள்.

மற்றவர்களிடம் காட்டுவது

1937இல் தொடங்கிய அமெரிக்கக் குடுக்கைச் சங்கத்துக்குப் பல மாநிலங்களில் கிளைகள் உண்டு. அவை நடத்தும் கண்காட்சிகளில் புதியவர்களுக்கு நடுவர் சொல்லும் குறிப்பு, பரிசைவிடப் பயன் தரும். விற்கப் போவதற்கு முன் ஒரே வடிவத்தில் ஐந்து செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது, எந்தச் சாயம், எந்த வெப்பம், ஓட்டின் தடிமன் எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். சுத்தம் செய்த நேரத்தைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்து விலை வையுங்கள்.

அடியில் பெயரும் ஆண்டும் சூட்டுப் பேனாவால் எழுதுங்கள். குறிப்பேட்டில் கொடுத்த எண்ணையும் போடுங்கள். கண்காட்சிக்கு எடுத்துப் போகும்போது பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. காகிதம் திணியுங்கள். கோடையில் மூடிய வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த வெக்கையில் நூலின் மெழுகு உருகி இறங்கும், பசை இளகிக் கல் பெயரும்.